பவளத்துக்கு ஊட்டியவர்

திருச்சி ஜங்ஷன் பார்சல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த அமிர்தராஜ், எதிரில் வந்து நிற்பவர் யாராக இருந்தாலும் முதலில் கேட்பது "சாப்பிட்டாச்சா?" என்றுதான். மூட்டை எடுக்க வந்த வியாபாரி, தள்ளுவண்டி போர்ட்டர், இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த மேலதிகாரி என்று யாரும் அந்தக் கேள்விக்குத் தப்பியதில்லை. சிலர் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். அவருக்கு அது உண்மையாகவே தெரிந்தாக வேண்டிய விஷயம்.

தாய் தகப்பன் இல்லாமல் போர்டிங்கில் வளர்ந்தவர் அவர். யுத்தகாலம், ரேஷன் அரிசி. சாயங்கால மணி அடித்ததும் வரிசையில் நின்று வாங்குகிற கஞ்சியில் தன் முகம் தெரியும் என்று, கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை மனைவி லூர்துராணியிடம் சொல்லியிருக்கிறார். அதற்குமேல் அந்த நாட்களைப் பற்றிப் பேசியதில்லை. பேசாததையெல்லாம் பொட்டலமாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். பெரியகடை வீதி பாதுஷா, மணப்பாறை முறுக்கு, சீசனில் ஒரு முழுப் பலாப்பழம். கல்லுக்குழி ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தது இரண்டே பேர். குழந்தை பிறக்கவில்லை. ஆனாலும் அந்த வீட்டுச் சமையலறையில் எப்போதும் ஐந்தாறு பேருக்கு இருக்கும்.

லூர்துராணி ஆரம்பப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். பூசின உடம்பு, பெரிய சிரிப்பு. கணவர் எதை வாங்கி வந்தாலும் வாசலிலேயே பிரித்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டுதான் உள்ளே திரும்புவாள். அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் அமிர்தராஜின் சாயங்காலப் பொழுதுபோக்கு.

எழுபத்தெட்டாம் வருஷக் கடைசியில் மண்டபத்திலிருந்து வந்த ஒரு தகர டின், பார்சல் ஆபீஸ் மூலையில் கேட்பாரற்றுக் கிடந்தது. கண்டோன்மெண்ட்டில் ஒரு பங்களாவுக்கு வந்தது. ஆள் அனுப்பிப் பார்த்ததில் வீடு பூட்டியிருந்தது; அந்த துரை மாற்றலாகி பம்பாய் போய்விட்டார் என்றார்கள். டின்னில் கசிவு. தரையெல்லாம் உப்புநீர் பூத்திருந்தது.

"உள்ள ஏதோ கல்லு சார். நாத்தம் புடிக்கிறதுக்குள்ள வீசிடலாம்" என்றார் போர்ட்டர் ரத்தினவேல்.

அமிர்தராஜ் மூடியைத் திறந்து பார்த்தார். கலங்கிய தண்ணீருக்கடியில் கைப்பிடி அளவுக் கல் ஒன்று. அதன்மேல் செம்பருத்தி மொட்டுகளைப் போல ஆரஞ்சு நிறத்தில் சின்னச் சின்னக் குமிழ்கள் நெருங்கி உட்கார்ந்திருந்தன. ஒன்றை விரலால் தொட்டார். அது மெல்ல உள்ளே சுருங்கியது.

"ரத்தினவேலு, இதுக்கு உயிர் இருக்குடா" என்றார்.

எத்தனை நாளாகச் சாப்பிடவில்லையோ என்பதுதான் அவருக்கு அடுத்து வந்த நினைப்பு. கெட்டுப்போகும் சரக்கு என்று எழுதித் தள்ளிவிட மேலாளர் சம்மதித்தார். டின்னை சைக்கிள் கேரியரில் கட்டி வீட்டுக்குத் தள்ளிக்கொண்டே போனார்.

"என்னங்க இது, பாதுஷா வரும்னு பார்த்தா கல்லைத் தூக்கிட்டு வர்றீங்க" என்றாள் லூர்துராணி. ஆனால் விளக்கு வைக்கும் நேரத்தில், ஊறுகாய் போடும் பெரிய கண்ணாடி ஜாடிக்குள் அந்தக் குமிழ்கள் ஒவ்வொன்றாக வாய் திறந்து, மஞ்சள் இதழ்களை வெளியே நீட்டியபோது, அவள் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். ஜெபமாலை சொல்லும் நேரம் தாண்டியும் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

நாகூர் பாசஞ்சரில் போகும் கார்டு ஒருவர் நாகப்பட்டினத்திலிருந்து பிளாஸ்டிக் கேனில் கடல்தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க ஒப்புக்கொண்டார். பாலக்கரையில் கண்ணாடிக் கடை வைத்திருந்த பரக்கத் அலி, துபாயிலிருந்து தம்பி கொண்டுவந்த பசையைப் போட்டு, இரும்புச் சட்டம் இல்லாமல் ஒரு தொட்டி ஒட்டிக் கொடுத்தார். காற்று பம்ப் ஒன்றும் வந்து சேர்ந்தது. தண்ணீரும் வீடும் ஆயிற்று. சாப்பாடு?

அங்கேதான் அமிர்தராஜின் கை நிற்கவில்லை. முதல் நாள் ரொட்டித் துணுக்கு போட்டார். அது ஊறித் தொட்டி முழுக்கப் பரவியது. மறுநாள் சோற்றுப் பருக்கை. பிறகு வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினார். பால் ஊற்றினாற்போல் தொட்டி வெளுத்தது. ஆட்டு ஈரலை நசுக்கிப் போட்டபோது மேலே எண்ணெய்ப் படலம் கட்டி நின்றது. ஒவ்வொரு சாயங்காலமும் குமிழ்கள் கொஞ்சம் குறைவாகத் திறந்தன. திறக்காததைப் பார்த்து, போதவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் போட்டார். ஒரு வாரத்தில் வீட்டுக்குள் மீன் மார்க்கெட் நாற்றம். கல்லின் ஓரத்தில் நாலைந்து குமிழ்களின் சதை கழன்று, உள்ளேயிருந்து வெள்ளை எலும்பு தெரிந்தது.

லூர்துராணி மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். "தெரியாமப் போட்டுப் போட்டே கொன்னுடுவீங்க போலிருக்கே. யாரையாவது கேளுங்களேன்."

அவளுடைய பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸ் மூலமாகத்தான் பங்கஜவல்லி அம்மாளின் பெயர் கிடைத்தது. பெண்கள் கல்லூரி ஒன்றில் விலங்கியல் பேராசிரியை. பூர்வீகம் திருவெள்ளறை, வீடு ஸ்ரீரங்கம் சித்திரை வீதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறிப் போனார்கள். ஒன்பது கஜப் புடவையும் தடித்த மூக்குக் கண்ணாடியுமாக வந்து உட்கார்ந்த அந்த அம்மாள், எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்கோ. அது பவளம். செடி இல்லை, ஒரு பிராணி. இன்னும் சரியாச் சொன்னா, ஒரு குடும்பம். ஒவ்வொரு மொட்டுக்கும் தனி வாய், தனி வயிறு. தண்ணிக்குச் சாதம் போட்டா அதுக்குப் போய்ச் சேராது. வாய் வாயா ஊட்டணும்."

"என்னம்மா ஊட்டணும்?"

பங்கஜவல்லி அம்மாள் ஒரு கணம் உள்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இந்த ஆத்துல உக்காந்து சொல்லப்படாது. இருந்தாலும் சொல்றேன். இறால். பச்சை இறாலை நன்னா அலம்பி, கொழுப்பு, குடல் எல்லாம் எடுத்துட்டு, கடுகு அளவுக்கு நறுக்கணும். அலம்பின தண்ணி ரெண்டு சொட்டு முதல்ல விடுங்கோ. வாசனை பிடிச்சு வாயைத் திறக்கும். அப்புறம் இங்க் ஃபில்லரால ஒவ்வொண்ணா. மிஞ்சினதை உறிஞ்சி வெளியில எடுத்துடணும். வாரத்துக்கு ரெண்டு தரம் போறும்."

"வாரத்துக்கு ரெண்டு தரமா?" அமிர்தராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மத்த நாள்ல பசிக்காதாம்மா?"

"பசிக்கும். பசியால ஒண்ணும் ஆயிடாது சார். அழுகின சாப்பாடுதான் கொல்லும்."

வெயிலைத் தின்று வாழ்கிற பவளமும் உண்டு, மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும், அதற்கு விளக்கு வெளிச்சம் வேண்டும், இதற்கு வேண்டாம், இது இருட்டுப் பாறை இடுக்கில் இருப்பது, இரண்டையும் ஒரே மாதிரி நினைத்துக்கொண்டு ஊட்டக் கூடாது என்றெல்லாம் அவர் மேலும் விளக்கினார். அமிர்தராஜ் காதில் பாதிதான் ஏறியது. திரும்பும் வழியில் காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது, "வாய் வாயா ஊட்டணும்னாங்கல்ல" என்று மட்டும் சொன்னார். லூர்துராணி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

கடுகு அளவு என்பது அவருக்குப் பழக நாளாயிற்று. நறுக்கி வைத்த துணுக்குகளைப் பார்த்தால் கை கூசும். இதெல்லாம் ஒரு சாப்பாடா என்று தோன்றும். ஆனால் ஒரு மஞ்சள் வாய் அந்தத் துணுக்கைப் பற்றி, இதழ்களை மடக்கி, மெதுவாக, மிக மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டதைப் பார்த்த சாயங்காலம் அவர் அடுத்த வாய்க்கு ஊட்டவும் மறந்து நின்றார். பிறகு விதவிதமாகச் சோதித்தார். கடல் மீன் சதையைத் துப்பவில்லை, ஆனால் எண்ணெய் மிதந்தது. கொசுப்புழுவை விரும்பித் தின்றது. மழைக்காலத்துக்கு அது போதும். எல்லாவற்றையும்விட அது பாய்ந்து பிடித்தது உப்பளத்துப் பூச்சியைத்தான். ரயில்வே பாஸ் இருந்ததால் வேதாரண்யம் வரை போய், பாத்திகளில் தண்ணீர் சிவந்து கிடக்கும் இடத்தில் துணியால் வடித்து, பொடி இறால் போல நீந்தும் அந்தப் பூச்சிகளைக் கேனில் கொண்டுவந்தார். அதை விட்டால் மூடியிருக்கும் வாய்கூடத் திறக்கும்.

இரண்டு வருஷத்தில் செத்த இடங்களுக்குப் பக்கத்தில் புது மொட்டுகள் கிளம்பின. லூர்துராணி அவற்றுக்குத் தன் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களை வைத்தாள். "மயிலம்மாளுக்குக் கொடுத்தீங்களா? பிச்சைமுத்து வாயைத் தொறக்கவே மாட்டேங்கிறானே" என்பாள். தொட்டி அருகில் ஆளுக்கொரு ஸ்டூல் இருந்தது. அவர் ஊட்டுவார், அவள் பாதுஷாவைக் கடித்துக்கொண்டு பார்ப்பாள். அந்த வீட்டில் சந்தோஷம் என்று சொல்லத்தக்கது அந்தக் கொஞ்ச வருஷங்கள்தான்.

எண்பத்திரண்டில் புதுச் செருப்பு கடித்து லூர்துராணியின் காலில் ஒரு புண் வந்தது. ஆறவில்லை. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை நிறைய இருக்கிறது, வெகுநாளாகவே இருந்திருக்கிறது என்றார். இனிப்பு கூடாது, கிழங்கு கூடாது, அரிசி பாதி.

பாதி. அமிர்தராஜால் அதைச் செய்ய முடியவில்லை. பாதிச் சோறு போட்ட தட்டை அவள் முன்னால் வைத்துவிட்டுத் திரும்பும்போதே கரண்டி மறுபடி பானைக்குள் போய்விடும். அவள் "போதுங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் தட்டில் விழுந்திருக்கும். பொட்டலங்கள் குறைந்தன, நிற்கவில்லை. "ஒண்ணு தின்னா என்ன ஆயிடப் போவுது" என்று அவரே சொல்வார். அவளும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வாள். மறு வருஷம் அதே காலில் கட்டைவிரல் கறுத்தது. ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டார்கள்.

கட்டுப்போட்ட காலோடு அவள் படுத்திருக்க, டாக்டர் அமிர்தராஜை வராந்தாவுக்கு அழைத்தார்.

"வீட்டுல யார் சார் அவங்களுக்குச் சாப்பாடு போடறது?"

"நான்தான் சார், பெரும்பாலும்."

"அப்ப நீங்கதான் இந்த விரலை எடுத்தீங்கன்னு நினைச்சுக்குங்க. அடுத்தது கால். கொடுத்துக் கொடுத்தே கொல்லாதீங்க."

அந்த வார்த்தை அமிர்தராஜை இரண்டாகப் பிளந்துவிட்டது. வார்டுக்குள் திரும்பிப் போய் மனைவியைப் பார்க்கவே அவருக்குத் தைரியம் வரவில்லை. ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். அழுகின சாப்பாடுதான் கொல்லும் என்ற ஸ்ரீரங்கத்து அம்மாளின் பேச்சு அப்போது திரும்பி வந்தது. தொட்டியில் ஒழுங்காகச் செய்வதை வீட்டில் செய்யவில்லையே என்று நினைத்தார். அந்த நினைப்பு அன்றைக்கு அவருக்கு ஒரு பிடி கிடைத்த மாதிரி இருந்தது. அதை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சர்க்கரை டப்பா பூட்டி வைக்கப்பட்டது. அரிசியைச் சின்ன டம்ளரில் தலைதட்டி அளந்தார். ஆபீசிலிருந்து வெறுங்கையோடு வந்தார். அவள் தட்டில் ஒரு பருக்கை அதிகம் விழாமல் பார்த்துக்கொண்டார். தானும் அதையே சாப்பிட்டார். அவர் உடம்பு வற்றியது. பார்சல் ஆபீசில் யாரையும் சாப்பிட்டாச்சா என்று கேட்பதுகூட நின்றுபோனது.

"கொஞ்சம் ரசம் சாதம் போடுங்களேன். வயிறு காந்துது" என்பாள் லூர்துராணி.

"பசியால ஒண்ணும் ஆயிடாது, லூர்து."

முதலில் அவள் கோபப்பட்டாள். பிறகு கெஞ்சினாள். பிறகு ஒன்றும் கேட்பதில்லை. ஒரு சாயங்காலம் அவர் ஃபில்லரை வைத்துக்கொண்டு தொட்டியில் குனிந்திருந்தபோது, பின்னாலிருந்து சொன்னாள்:

"அதுங்களுக்குக் கொடுக்கும்போது உங்க முகம் எப்படி இருக்கு தெரியுமா? அம்மா முகம் மாதிரி இருக்கு. எனக்குத் தட்டு வைக்கும்போது போலீஸ்காரர் மாதிரி வெக்கிறீங்க."

"உன் நல்லதுக்குத்தானே."

"தெரியுது. நல்லதாவே இருக்கட்டும். கொஞ்சம் சிரிச்சுக்கிட்டு வைங்க."

அவர் சிரிக்க முயன்றார். சிரித்தால் கை தளர்ந்துவிடும் என்று பயமாக இருந்தது. அதற்குப் பிறகு அவள் தொட்டிப் பக்கம் வந்து உட்காருவதை விட்டுவிட்டாள். அவளுடைய ஸ்டூல் சமையலறைக்குப் போய், மண்ணெண்ணெய் டின் வைக்கிற இடமாயிற்று.

இத்தனைக்கும் சர்க்கரை இறங்கவில்லை. மாசாமாசம் பரிசோதனையில் ஏறியே நின்றது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார், ஊசி போட்டார். அமிர்தராஜ் டம்ளரை இன்னும் சின்னதாக்கினார். எண்பத்தைந்து கடைசியில் அவள் முகம் காலையில் வீங்க ஆரம்பித்தது. பிறகு கால்கள். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்றார்கள். மதராஸ் கொண்டுபோனால் மிஷின் இருக்கிறது, ஆனால் இந்த உடம்பு தாங்காது என்றும் அவர்களே சொன்னார்கள்.

தவக்காலம் பிறந்திருந்தது. டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டுப் போகும்போது, வாசலில் நின்று, இந்தத் தடவை மெதுவான குரலில் சொன்னார்: "இனிமே பத்தியம் எதுவும் வேண்டாம் சார். அவங்க என்ன கேக்கிறாங்களோ, கொடுங்க."

அமிர்தராஜுக்குப் புரியவில்லை. "அளவு சார்?" என்று கேட்டார்.

"அளவெல்லாம் வேண்டாம்."

அவர் உள்ளே போய்க் கட்டிலருகில் உட்கார்ந்தார். "லூர்து, உனக்கு என்ன வேணும் சொல்லு. எது வேணும்னாலும்."

அவள் கண்ணைத் திறந்து அவரை வெகுநேரம் பார்த்தாள். டாக்டர் வாசலில் என்ன சொல்லியிருப்பார் என்பது அவளுக்கு அந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிட்டது. "பாதுஷா" என்றாள்.

வெயில் கொளுத்தியது. பஸ்ஸுக்குக் காத்திருக்கத் தோன்றாமல் நடந்தே பெரியகடை வீதிக்குப் போனார். கடைக்காரர், "எங்க சார், ரொம்ப வருஷமா ஆளையே காணோம்" என்றார். இலையில் சுற்றிய பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகத் திரும்பினார். கடுகு அளவு பார்த்துப் பழகிய கை முழு பாதுஷாவை எடுத்தது. சின்னதாகப் பிட்டு அவள் வாயில் வைத்தார்.

அவள் மெல்லவில்லை. நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். அவர் காத்திருந்தார்.

"நல்லாருக்கா?"

"கசக்குதுங்க" என்றாள். "எல்லாமே கசக்குது. தண்ணிகூட." அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, வெகு சிரமப்பட்டு அதை விழுங்கினாள். "பரவாயில்ல. நீங்க ஒண்ணு சாப்பிடுங்க. ரொம்ப எளைச்சுட்டீங்க."

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின வியாழக்கிழமை லூர்துராணி போய்ச் சேர்ந்தாள்.

அடக்கம் முடிந்து, உறவுக்காரர்கள் கலைந்து, வீடு காலியான பிறகும் அமிர்தராஜ் தொட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பம்ப் தன்பாட்டில் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. ஈஸ்டர் கழிந்து சில நாள் ஆன பிறகுதான் ஒரு சாயங்காலம் இறால் வாங்கி வந்து நறுக்கினார். கை பழையபடி கடுகு அளவுக்குத்தான் நறுக்கியது. ஆனால் வாய்கள் பாதிதான் திறந்தன. சித்திரை வெயில் தகரக் கூரையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. தொட்டித் தண்ணீரில் கை வைத்தால் வெந்நீர் போலிருந்தது. ஐஸ் கட்டியைப் பாலிதீன் பையில் போட்டு மிதக்கவிட்டார். ஈரச் சாக்கைச் சுற்றினார். மின்சாரம் அடிக்கடி போயிற்று. பம்ப் நிற்கும்போதெல்லாம் விசிறிக் காம்பால் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் மதியம் ஆபீசிலிருந்து வந்து பார்த்தபோது கல் முழுக்கச் சளி பிடித்த மாதிரி வழிந்து, ஆரஞ்சு நிறம் கழன்று தண்ணீரில் நூல் நூலாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

பங்கஜவல்லி அம்மாள் துக்கம் விசாரிக்க வந்தது அதற்கு அடுத்த வாரம். காலி நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ ஆறுதல் சொல்லிவிட்டு, கலங்கிய தொட்டியையும் வெள்ளைக் கல்லையும் பார்த்தார்.

"தப்பு எங்கம்மா?" என்று கேட்டார் அமிர்தராஜ். "நடுவுல சில வாரம் போடலை. அதனாலயா? இல்ல, அப்புறமா போட்டது அதிகமாயிட்டுதா?"

"ரெண்டும் இல்லை. உஷ்ணம். இந்த ஊர் வெயில்ல இத்தனை வருஷம் இருந்ததே பெருமாள் கிருபை. உங்க மேல குத்தம் எதுவும் இல்லை சார்."

அவர் தலையாட்டினார். அது அவருக்கு ஆறுதலாக இல்லை. குற்றம் தன்மேல் என்றால் கொடுத்ததாலா கொடுக்காததாலா என்றாவது தெரியும். கல்லைப் பற்றிச் சொல்வதற்கு ஒரு படித்தவர் இருந்தார். லூர்துவைப் பற்றி யாரிடம் போய்க் கேட்பது?

அதைக் கேட்காமலே சொன்னது அக்னஸ்.

அக்னஸ் லூர்துராணியின் தங்கை. மேலப்புதூரில், கோவிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தாள். டம்ளரும் பூட்டும் வந்த நாளிலிருந்து அத்தானிடம் முகம் கொடுத்துப் பேசாதவள். அக்காவின் சேலைகளை எடுத்துப்போக ஒரு நாள் வந்தாள். அலமாரியைத் திறந்து மடித்துக்கொண்டே இருந்தவள், சமையலறையில் அந்தச் சின்ன டம்ளர் இன்னும் அரிசிப் பானைமேல் கவிழ்ந்திருப்பதைப் பார்த்ததும் வெடித்தாள்.

"இன்னும் இதை வெச்சிருக்கீங்களா அத்தான்? எங்க அக்காவைப் பட்டினி போட்டே அனுப்புனீங்க."

"டாக்டர் சொன்னாரு, அக்னஸ்."

"டாக்டர் ஆயிரம் சொல்வாரு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு எங்க வீட்டுக்கு வருவால்ல, ஜெபக் கூட்டம்னு சொல்லிட்டு? வந்த உடனே சோத்துப் பானையைத்தான் தொறப்பா. நான்தான் போட்டேன். கேசரி, கல்கலா, பாயாசம் எல்லாம் பண்ணி வெச்சிருப்பேன். பள்ளிக்கூடத்துக்கும் டப்பாவுல கொடுத்தனுப்புவேன். உங்களுக்குத் தெரிஞ்சா கோபப்படுவீங்கன்னு அவதான் சொல்லாதேன்னா. இப்ப கோபப்படுங்க. எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. இன்னும் போட்டிருக்கணும்."

அமிர்தராஜ் அலமாரிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். இறங்காத அந்தச் சர்க்கரைக் கணக்கு அவருக்கு இப்போது விளங்கியது. தான் இறுக்கிப் பிடித்ததெல்லாம் எதற்காகவோ அது நடக்கவே இல்லை. அவள் பசித்தும் இருந்தாள், நோயும் தின்றது. இவளைத் திட்டவேண்டும், கையை ஓங்கினால்கூடத் தப்பில்லை என்று ஒரு பக்கம் தோன்றியது. அக்னஸும் அதை எதிர்பார்த்து, சேலைகளை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"நல்லா சாப்பிட்டாளா?" என்று கேட்டார்.

அக்னஸுக்கு முதலில் விளங்கவில்லை. "என்ன?"

"உங்க வீட்டுல. வயிறார சாப்பிட்டாளா?"

அவள் முகம் உடைந்தது. "சாப்பிட்டா அத்தான். சிரிச்சுக்கிட்டே சாப்பிட்டா. பழைய மாதிரி கையை நக்கிக்கிட்டு. அவருக்கும் கொஞ்சம் எடுத்துட்டுப் போக முடியலையேடி, எலும்பாப் போயிட்டாருன்னு சொல்வா."

மனைவியை அடக்கம் செய்த அன்று அழாத மனிதர், அலமாரி ஓரத்தில் அப்படியே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அக்னஸ் பக்கத்தில் வரவில்லை, போகவும் இல்லை. கடைசிவரை நின்றுவிட்டு, சேலைகளில் ஒன்றை மட்டும் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

தொட்டியைப் பரக்கத் அலி திரும்ப எடுத்துக்கொண்டார். வெள்ளைக் கல்லைப் பங்கஜவல்லி அம்மாள் கல்லூரி மியூசியத்துக்குக் கேட்டு வாங்கிப்போனார். கடல்தண்ணீர் நின்றிருந்த இடத்தில் சிமெண்டுத் தரை அரித்து உப்புப் பூத்துக்கொண்டே இருந்தது. எத்தனை தடவை கழுவினாலும் மழைக்காலத்தில் மறுபடி ஈரம் கசியும்.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிறு பூசைக்குப் பின்னால், கோவில் வாசலில் அக்னஸ் வந்து எதிரில் நின்றாள். "வீட்டுக்கு வாங்க அத்தான். சோறு ஆக்கியிருக்கேன்" என்றாள். அவர் போனார். இன்னமும் இரண்டு பேருக்கும் பேச ஒன்றுமில்லை. அவள் பரிமாறிக்கொண்டே இருந்தாள், கோபமாகத்தான், கரண்டியை ஓங்கி ஓங்கி. அவர் போதும் என்று சொல்லவில்லை. இலையில் விழுந்ததையெல்லாம் மெதுவாகப் பிசைந்து, ஒவ்வொரு வாயாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.